ஆணைச் சொற்கள் வந்த வழி

இந்திய அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான எந்தச் சட்டமும் செல்லாது என்று கூறுகிறது. சட்டம் என்ற சொல்லில் எவையெல்லாம் அடங்கும் என்பதையும் அதே பிரிவு வரிசைப்படுத்துகிறது. ஆங்கில மூலத்தில் அந்த வரிசை ‘ஆர்டினன்ஸ்’, ‘ஆர்டர்’, ‘பைலா’, ‘ரூல்’, ‘ரெகுலேஷன்’, ‘நோட்டிஃபிகேஷன்’, ‘கஸ்டம்’, ‘யூசேஜ்’ என்று அமைந்துள்ளது. தமிழில் இவற்றை முறையே அவசரச் சட்டம், ஆணை, துணை விதி, விதி, ஒழுங்குமுறை, அறிவிக்கை, வழக்காறு, மரபு எனலாம்.

இந்த எட்டுச் சொற்களோடு ‘லா’ என்ற தலைச் சொல்லையும் சேர்த்தால் ஒன்பது. ஆங்கிலேயர் ஆட்சி நம் நாட்டில் விட்டுச்சென்ற ஆங்கிலச் சொற்கள் என்றே இவற்றை நாம் கருதுகிறோம். ஆனால், ஆங்கிலத்தின் பழங்குடிச் சொல் என்று சொல்லத்தக்கது இந்த ஒன்பதில் ஒன்றுகூட இல்லை! இரண்டு சொற்கள் கடற்கொள்ளையரோடு வந்தவை. மற்றவை பிரெஞ்சு மொழியின் வழியாகவும் இலத்தீன் மொழியிலிருந்தும் வந்தவை. ஆங்கிலேயரை ஆண்ட சொற்களும் ஒரு காலத்தில் அயலாருடைய சொற்களாகவே இருந்தன. அவை எப்படி வந்தன, வருமுன் என்ன பொருள் தந்தன என்பதைக் காண்போம்.

கடல் கடந்து வந்த ‘லா’

பழைய ஆங்கிலத்தில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. கி.பி. 600-ஐ ஒட்டி, கென்ட் நாட்டு மன்னன் எத்தல்பெர்ட் தன் மக்களின் மொழியிலேயே ஒரு சட்டத் தொகுப்பை எழுதச் செய்தான். கட்டை விரலை வெட்டினால் 20 ஷில்லிங், நகத்தைப் போக்கினால் 3 ஷில்லிங் என்று காயத்துக்குக் காயம் ஈடு குறித்த தொகுப்பு அது. அக்காலத்தில் சட்டத்தையும் தீர்ப்பையும் குறித்த சொற்களுள் முதன்மையானது ‘டோம்’. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்பிரட் மன்னன் தொகுத்த சட்ட நூலுக்கு ‘டோம்போக்’ என்று பெயர். தீர்ப்பு நூல் என்பது அதன் பொருள். அந்தச் சொல்லே இன்று ‘டூம்’ என்ற வடிவில், தப்ப முடியாத அழிவு என்னும் பொருளில் வாழ்கிறது. 1086-இல் முதலாம் வில்லியம் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதச் செய்த பதிவேட்டை மக்கள் ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்று அழைத்தனர். இறுதித் தீர்ப்பு நாளின் தீர்ப்பைப் போல அதற்கும் மேல்முறையீடு கிடையாது என்பதே காரணம்.

‘டோம்’ இருந்த இடத்தில் ‘லா’ வந்தது எப்படி? ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே நாடுகளிலிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பகுதியைக் கைப்பற்றிக் குடியேறினர். கொள்ளையடிக்க வந்தவர்கள் உழவர்களாக மாறி ஊர் கட்டி வாழ்ந்தனர். அவர்களுடைய சட்டம் செல்லுபடியான பகுதிக்கு ‘டேன்லா’ என்று பெயர் நிலைத்தது. அவர்களுடைய நார்ஸ் மொழியில் ‘லாக்’ என்றால் வைக்கப்பட்டது, இடப்பட்டது என்று பொருள். அதன் பன்மை வடிவிலிருந்தே ‘லா’ பிறந்தது. ‘பி’ என்ற நார்ஸ் சொல் ஊரைக் குறிக்கும். டெர்பி, விட்பி என்று இங்கிலாந்தின் ஊர்ப் பெயர்கள் பல அந்த ஒலியில் முடிவது இதனால்தான். ஊர் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட சட்டம் ‘பைலா’ ஆயிற்று. இன்று நம் கூட்டுறவுச் சங்கங்களின் பைலாவில் அந்த வைக்கிங் ஊர் ஒளிந்திருக்கிறது. சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவனைக் குறிக்கும் ‘அவுட்லா’வும் அவர்கள் தந்ததே.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்கலாம். ‘லா’ என்றால் இடப்பட்டது. ‘டோம்’ என்ற சொல்லின் வேரும் வைத்தல் என்ற பொருளுடையதே. நாடாளுமன்றச் சட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்டாச்யூட்’ என்ற இலத்தீன் வழிச் சொல்லுக்கு நிறுத்தப்பட்டது என்று பொருள். நாமும் ஆணை ‘இடுகிறோம்’, கட்டளை ‘இடுகிறோம்’, பேச்சு வழக்கில் சட்டம் ‘போடுகிறோம்’. ஒருவர் வைத்ததை மற்றவர் நகர்த்தக் கூடாது என்ற எண்ணம் பல மொழிகளில் தனித்தனியே ஒரே உருவகத்தைப் படைத்திருக்கிறது.

அரசன் மொழியும் குடிகள் மொழியும்

1066-இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியை ஆண்ட வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அன்று முதல் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரசவையிலும் உயர்குடியினரிடமும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. எழுத்து வேலைகளுக்கு இலத்தீன் இருந்தது. உழவரும் கைவினைஞரும் ஆங்கிலம் பேசினர். ஆணை பிறப்பிப்பவன் ஒரு மொழியும் அதற்குப் பணிபவன் வேறு மொழியும் பேசினால், ஆணைக்குரிய சொற்கள் எந்த மொழியிலிருந்து வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ‘கோர்ட்’, ‘ஜட்ஜ்’, ‘ஜஸ்டிஸ்’, ‘கமாண்ட்’, ‘ஆர்டர்’, ‘ஆர்டினன்ஸ்’, ‘ரூல்’, ‘டிக்ரீ’ ஆகிய அனைத்தும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்தன. ‘பிட்’, ‘பிஹெஸ்ட்’ என்ற பழைய ஏவல் சொற்கள் படிப்படியாக ஒதுங்கின.

நீதிமன்றத்தில் தன் வழக்கே தனக்குப் புரியாத நிலையில் மக்கள் நின்றனர். 1362-இல் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. நாட்டில் பிரெஞ்சு மொழியை அறிந்தவர் மிகக் குறைவு, ஆதலால் இனி வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும், பதிவுகள் இலத்தீனில் இருக்கட்டும் என்று அது கூறியது. விந்தை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது! வழக்கறிஞர்கள் ‘சட்டப் பிரெஞ்சு’ என்ற கலப்பு மொழியை அதன் பிறகும் விடவில்லை. அரசன் இல்லாத குடியாட்சிக் காலத்தில், 1650-இல், நாடாளுமன்றம் அதை நீக்கியது. 1660-இல் அரசாட்சி மீண்டதும் பழைய வழக்கமும் மீண்டது. 1731-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 1733 மார்ச் 25 முதல்தான் நீதிமன்றப் பதிவுகள் முழுமையாக ஆங்கிலத்துக்கு வந்தன. குடிமக்கள் தம் மொழியில் நீதியைப் படிக்க, 1362-இலிருந்து கணக்கிட்டால் 371 ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஒரே ஒரு மூலையில் பிரெஞ்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதாவுக்கு மன்னர் இசைவு தரும்போது, அதை எழுத்தர் இன்றும் பழைய நார்மன் பிரெஞ்சில்தான் அறிவிக்கிறார். மன்னர் இதை விரும்புகிறார் என்பது அதன் பொருள். மறுப்பதற்கும் மரபுத் தொடர் உண்டு. மன்னர் எண்ணிப் பார்ப்பார் என்பது அது. கடைசியாக அது ஒலித்தது 1708-இல், ஆன் அரசியின் காலத்தில்.

இம்மொழிக் கலப்பின் மற்றொரு தடயம் சட்டத் தமிழிலும் எதிரொலிக்கும் இரட்டைத் தொடர்கள். உயிலைக் குறிக்க ‘வில்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘டெஸ்டமென்ட்’ என்ற இலத்தீன் வழிச் சொல்லும் சேர்ந்தே வரும். ‘குட்ஸ்’ ஆங்கிலம் என்றால், அதன் இணையாக வரும் ‘சாட்டல்ஸ்’ பிரெஞ்சு. நாள்தோறும் செய்தித்தாள்களில் நாம் காணும் ‘லா அண்ட் ஆர்டர்’ என்ற தொடரில் முதற்சொல் வைக்கிங்குகளுடையது, கடைசிச் சொல் நார்மன்களுடையது. படையெடுத்து வந்த இரு கூட்டத்தாரின் சொற்கள் இணைந்து அமைதி காக்கின்றன!

தச்சன் கோல், நெசவாளி இழை

இச்சொற்கள் பிரெஞ்சுக்கும் இலத்தீனுக்கும் போகுமுன் எங்கே இருந்தன என்று தேடினால், அரண்மனையில் அல்ல, பட்டறையில் போய் நிற்போம்.

‘ரூல்’ என்பது ‘ரெகுலா’ என்ற இலத்தீன் சொல்லின் திரிபு. ரெகுலா என்றால் நேரான கோல். கோடு போடப் பயன்படும் கோலே பின்னர் நடத்தைக்கும் அளவுகோலாயிற்று. பள்ளிப் பிள்ளையின் பெட்டியில் உள்ள மட்டக்கோலும் ‘ரூலர்’, நாட்டை ஆள்பவரும் ‘ரூலர்’. ‘ரெகுலேஷன்’, ‘ரெகுலர்’ ஆகியவையும் இதே குடும்பம். நேரான கோலை நேர்மையான ஆட்சிக்கு அடையாளமாக்கியது உரோமானியர் மட்டும் அல்லர். செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. செம்மையான கோல் நல்லாட்சி, வளைந்த கோல் கொடுமை. மரச்சட்டமும் நாட்டுச் சட்டமும் தமிழில் ஒரே சொல்லால் வழங்குவதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

‘நார்ம்’ என்ற சொல் ‘நார்மா’விலிருந்து வந்தது. அது தச்சர் பயன்படுத்தும் மூலைமட்டம், அதாவது செங்கோணம் பார்க்கும் கருவி. பரப்புக்குச் செங்குத்தாக வரையும் கோட்டை இயற்பியல் மாணவர்கள் ‘நார்மல்’ என்று படிக்கின்றனர் அல்லவா? இயல்பான என்று பொருள்படும் ‘நார்மல்’ அங்கே எதற்கு என்று வியந்திருப்பார்கள். உண்மையில் செங்கோணப் பொருளே மூத்தது. இயல்பு என்ற பொருள் பின்னால் வந்தது.

கிரேக்க மொழியில் ‘கானோன்’ என்பதும் நேரான கோலே. அது கிறித்தவத் திருச்சபையின் விதிகளைக் குறிக்கும் ‘கேனன்’ ஆயிற்று. அதே சொல் அரபு மொழியில் ‘கானூன்’ என்று நுழைந்தது. பதினோராம் நூற்றாண்டில் இப்னு சினா எழுதிய புகழ்பெற்ற மருத்துவ நூலின் பெயர் ‘அல்-கானூன்’. பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, இன்றும் இந்தியிலும் உருதுவிலும் சட்டத்துக்குப் பெயர் ‘கானூன்’தான். ஒரு கோல் மேற்கே திருச்சபைக்கும் கிழக்கே தில்லிக்கும் நடந்து சென்றிருக்கிறது.

‘ஆர்டர்’ என்ற சொல்லின் மூலமான ‘ஓர்டோ’ வரிசையைக் குறிக்கும். நெசவைத் தொடங்குதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையோடு அது தொடர்புடையது என்றும், தறியில் ஒழுங்காக நிற்கும் இழைகளின் வரிசையே அதன் முதற்பொருள் என்றும் சொல்லாராய்ச்சியாளர் கருதுகின்றனர். இழை கலைந்தால் துணி இல்லை. வரிசை கலைந்தால் படை இல்லை. ஒழுங்கைக் குறித்த சொல் ஒழுங்குபடுத்தும் கட்டளையையும் குறிக்கலாயிற்று.

மற்றச் சொற்கள் உடலுறுப்புகளையும் செயல்களையும் நினைவூட்டுகின்றன. ‘கமாண்ட்’, ‘மாண்டேட்’ இரண்டிலும் உள்ள இலத்தீன் வினை கையில் கொடுத்தலைக் குறிக்கும். பொறுப்பை ஒருவர் கையில் ஒப்படைப்பதே ஆணை. ‘ஈடிக்ட்’ என்பது வெளியே உரக்கச் சொல்லப்பட்டது. அசோகரின் கல்வெட்டு ஆணைகளுக்கு வரலாற்று நூல்கள் வழங்கும் பெயர் இதுவே. ‘ரிட்’ என்பது எழுதப்பட்டது. ஆங்கிலத்தின் சொந்தச் சொல். நார்மன்கள் வருமுன்பே மன்னர்கள் முத்திரையிட்டு அனுப்பிய சிறு கடிதங்களுக்கு இப்பெயர் இருந்தது. பின்னர் ரிட்டுகளின் வகைகள் இலத்தீன் பெயர்களைப் பெற்றன. ஆட்கொணர்வு ரிட்டான ‘ஹேபியஸ் கார்பஸ்’ உடலைக் கொண்டு வருக என்று சிறைக் காவலனுக்கு இடும் கட்டளை. செயலுறுத்தும் ரிட்டான ‘மாண்டமஸ்’ என்றால் நாங்கள் ஆணையிடுகிறோம் என்று பொருள். இங்கிலாந்தே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘மாண்டமஸ்’ என்ற பெயரைக் கைவிட்டு எளிய ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டது. இந்திய அரசியலமைப்பின் 32, 226-ஆம் பிரிவுகளிலோ அது இலத்தீனாகவே நிற்கிறது.

கல்லும் சட்டத்துக்குப் பணியுமா?

அறிவியல் மாணவருக்கு ‘லா’ என்றதும் நினைவுக்கு வருபவர் நியூட்டன். நாட்டுச் சட்டத்தைக் குறித்த சொல் இயற்கைக்கு எப்படி வந்தது? உலகைப் படைத்த இறைவன் பொருள்களுக்கும் சட்டம் வகுத்தான் என்ற சமயக் கருத்தே அதற்கு வழி திறந்தது. 1644-இல் டேக்கார்ட்டு தம் நூலில் இயற்கையின் சட்டங்கள் என்று இயக்கத்தைப் பற்றி எழுதினார். 1687-இல் நியூட்டன் தம் ‘பிரின்சிப்பியா’வில் இயக்கத்தின் மூன்று சட்டங்களை வரையறுத்தார். அச்சொல் அறிவியலில் நிலைபெற்றது.

அக்காலத்திலேயே ஐயம் எழுப்பிய ஒருவர் உண்டு. வாயுக்களின் அழுத்தமும் கனஅளவும் பற்றிய விதிக்குத் தம் பெயரைத் தந்த ராபர்ட் பாயில்தான் அவர். சட்டம் என்பது மேலோர் ஒருவரின் விருப்பத்தை அறிந்து அதன்படி நடப்பது. அறிவில்லாத கல் எப்படி அதை அறியும், எப்படிப் பணியும் என்று 1686-இல் வெளிவந்த நூலில் அவர் வினவினார். உவமையாகச் சொல்லலாம், உண்மை என்று மயங்கக் கூடாது என்பது அவர் கருத்து. வேறுபாடு பெரிது. அரசனுடைய சட்டத்தை மீற முடியும். மீறினால் தண்டனை உண்டு. இயற்கையின் சட்டத்தை மீற முடியாது. மீறுவதாக ஒன்று தென்பட்டால் பொருளைத் தண்டிப்பதில்லை, சட்டத்தைத் திருத்துகிறோம். தமிழ்ப் பாடநூல்கள் நாட்டுக்குச் சட்டம், இயற்கைக்கு விதி என்று பெரும்பாலும் பிரித்து வழங்குவதால் நம் மாணவர்களுக்கு இந்த மயக்கம் குறைவு.

கடனிலிருந்து பிறந்த கட்டளை

பெயர்ச்சொற்களை விடச் சுவையானவை சிறிய துணைவினைகள். ‘ஷல்’ என்ற ஆங்கிலச் சொல் பழங்காலத்தில் கடன்பட்டிருக்கிறேன் என்று பொருள் தந்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவான ‘ஷுல்ட்’ இன்றும் கடனையும் குற்றத்தையும் குறிக்கும். ‘ஆட்’ என்ற சொல், கடன்படுதலைக் குறிக்கும் ‘ஓ’ என்ற வினையின் இறந்தகால வடிவம். செய்ய வேண்டியது என்பது செலுத்த வேண்டியது. தமிழிலும் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்ற பொருள் சங்க காலம் முதல் உண்டு.

‘மஸ்ட்’ என்ற சொல்லின் கதை தலைகீழானது. இன்று கட்டாயத்தைக் குறிக்கும் அச்சொல்லின் மூலம், அனுமதி பெற்றிருத்தலைக் குறித்த வினை. செய்யலாம் என்றது காலப்போக்கில் செய்தே ஆக வேண்டும் என்று இறுகிவிட்டது.

இத்தகைய சொற்கள் வழக்கில் வந்து நிற்கும்போது உயிர்களும் உரிமைகளும் அவற்றைப் பொறுத்து அமைகின்றன. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் பொதுப் பணி ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 320-ஆம் பிரிவு ‘ஷல்’ போட்டுக் கூறுகிறது. தம் வழக்கில் அது முறையாக நடக்கவில்லை என்று உத்தரப் பிரதேச ஊழியர் ஒருவர் வழக்காடினார். 1957-இல் உச்ச நீதிமன்றம், அங்கே வரும் ‘ஷல்’ கட்டாயம் அன்று, வழிகாட்டுதலே என்று தீர்ப்பளித்தது. சொல் ஒன்றுதான், அது கட்டுப்படுத்துமா என்பதை அந்தச் சட்டத்தின் நோக்கத்தை ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

இந்த இடரை உணர்ந்த சில சட்ட நூலாசிரியர்கள் முன்கூட்டியே வேலி போட்டனர். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், நீதிமன்றம் ‘அனுமானிக்கலாம்’ என்பதற்கும் ‘அனுமானிக்க வேண்டும்’ என்பதற்கும் தனித்தனியே விளக்கம் எழுதி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பெற்ற பாரதிய சாக்ஷிய அதிநியமும் அவ்விளக்கங்களைக் காத்துள்ளது. அமெரிக்காவிலோ கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் மாற்றி எழுதியபோது, ‘ஷல்’ என்பதையே களைந்துவிட்டு, இடத்துக்கேற்ப ‘மஸ்ட்’, ‘மே’, ‘ஷுட்’ ஆகியவற்றை வைத்தனர்.

பொறியாளர்கள் வேறு வழி கண்டனர். கணினிகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு 1997 மார்ச்சில் 2119 என்ற எண்ணுள்ள ஆவணத்தை வெளியிட்டது. ‘மஸ்ட்’, ‘ஷல்’ என்றால் விலக்கில்லாத கட்டாயம். ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்து, விளைவுகளை முழுதும் ஆராய்ந்த பின்னரே விலகலாம். ‘மே’ என்றால் முழுவதும் விருப்பம். இவ்வளவுதான் அதன் சாரம். சாதாரணப் பேச்சு வழக்கில் இச்சொற்கள் வந்தால் என்ன செய்வது என்ற குழப்பம் எழவே, பெரிய எழுத்துகளில் எழுதினால் மட்டுமே இப்பொருள் என்று 2017-இல் மற்றோர் ஆவணம் தெளிவுபடுத்தியது. மனிதர் தவறாகப் புரிந்துகொண்டால் வழக்கு நீளும். இரண்டு கணினிகள் ஒரு விதியை இரு விதமாக நடைமுறைப்படுத்தினால் செய்தியே போய்ச் சேராது.

ஒரே சொல் எதிரெதிர்ப் பொருள் தருவதும் உண்டு. நம் அலுவலகங்களில் கடன் ‘சாங்ஷன்’ ஆனால் மகிழ்ச்சி. ஒரு நாட்டின் மீது ‘சாங்ஷன்’ விதித்தார்கள் என்று செய்தி வந்தால் அது தண்டனை. புனிதமாக்கி உறுதிசெய்தல் என்ற மூலப்பொருளிலிருந்து, உறுதிசெய்யும் இசைவு ஒரு கிளையாகவும், மீறியவருக்கான தண்டனை மறு கிளையாகவும் பிரிந்ததே காரணம்.

நம் மொழியில்

தமிழ் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலத்தின் ஆட்சிமொழியாயிற்று. அன்று முதல் இச்சொற்களையெல்லாம் தமிழாக்கும் பணி நடந்து வருகிறது. பெயர்ச்சொற்களுக்கு இணை காண்பதில் பெரும் வெற்றி கிடைத்துள்ளது. கவனம் தேவைப்படுவது வினைமுற்றுகளில்தான். வேண்டு என்ற வினைக்கு விரும்பு என்பதே அடிப்படைப் பொருள். ‘தாங்கள் விழாவுக்கு வர வேண்டும்’ என்பது அழைப்பு. ‘விசாரணைக்கு வர வேண்டும்’ என்பது கட்டாயம். ‘விண்ணப்பத்தை நிராகரிக்கலாம்’ என்றால் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்பதா, நிராகரிக்கப்படும் வாய்ப்பு உண்டு என்பதா? தமிழில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லாததால் பொறியாளர் கண்ட வழியும் நமக்கு உதவாது. தவறினால் என்ன விளையும் என்பதையும் அதே அறிவிப்பில் எழுதிவிட்டால் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும்.

அடுத்த முறை ஓர் அரசு அறிவிப்போ, வங்கிக் கடிதமோ, தேர்வு நுழைவுச் சீட்டோ கைக்கு வரும்போது அதன் வினைமுற்றுகளைக் கோடிட்டுப் பாருங்கள். எது கட்டளை, எது அறிவுரை, எது நமக்குரிய விருப்பம் என்று பிரித்தறியுங்கள். இங்கிலாந்தின் எளிய மக்கள் தம் மொழியில் சட்டத்தைப் படிக்கும் உரிமைக்காக 371 ஆண்டுகள் காத்திருந்தனர். அந்த உரிமை நமக்கு வாய்த்திருக்கிறது. படிப்பது நம் கடன்.